அடுப்பில்லாத குடிசை

"தம்பி, காபியில பொடி விழுது."

போனில் அந்த அம்மா சொன்னபோது, காபிப் பொடியைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். "வெள்ளையா, மாவு மாதிரி. மேலேர்ந்து விழுது. காலையில வந்து பார்த்தா மேசை மேல கோலம் போட்ட மாதிரி இருக்கு" என்றார். அப்புறம்தான் வயிற்றில் புளியைக் கரைத்தது. நான் போட்டுக் கொடுத்த குடிலின் மூங்கில் உளுத்துக்கொண்டிருந்தது.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் பாதி வழியில் உள்ளே திரும்பினால் அவர்களுடைய தோப்பு. 4 ஏக்கர். சென்னையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள், கணவனும் மனைவியும். மா, சப்போட்டா, வேலி ஓரமாகப் பத்துப் பதினைந்து பனை, தெற்கு மூலையில் ஒரு குட்டை. குட்டைக் கரையில் உட்கார்ந்து காபி குடிக்க ஒரு குடில் வேண்டும், சிமெண்டு, இரும்பு, தகரம் எதுவும் கண்ணில் படக் கூடாது என்று கேட்டார்கள். ஐ.டி.ஐ.யில் கட்டட வரைவாளர் படிப்பை முடித்துவிட்டு, பத்து வருடமாக மாடி வீடுகளுக்குப் படிக்கட்டு எங்கே, கழிவறை எங்கே என்று கோடு போட்டுச் சலித்திருந்த எனக்கு, இதைவிட நல்ல வேலை வருமா?

2018 ஜனவரியில் கட்டி முடித்தேன். பாலித் தீவுப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தது. மூங்கில் தூண், மூங்கில் சட்டம், தொப்பி கவிழ்த்த மாதிரி தாழச் சரிந்த கூரை, அதன் மேல் தென்னங்கீற்று. சுற்றிலும் பட்டை உரிக்காத சவுக்குக் கழியில் கைப்பிடி. முறுக்கிக்கொண்டு வளர்ந்த காட்டுக்கொடிகளைத் தேடிப் பிடித்து, தூணும் சட்டமும் சேரும் மூலைகளில் தாங்கி மாதிரி வளைத்து வைத்தேன். படம் எடுத்துப் போட்டதும் நூற்றுக்கணக்கில் பாராட்டு. அதைப் பார்த்துவிட்டு வேறு இரண்டு பேர் வேலை கேட்டார்கள். எட்டாவது மாதம் அந்தப் போன் வந்தது.

மூங்கிலில் இருந்த மாவுச்சத்துக்காக வண்டு வந்திருந்தது. முற்றாத மூங்கிலை, வெட்டிய பச்சையோடு வாங்கி நட்டிருந்தேன். சவுக்குப் பட்டைக்குள் கறையான் சத்தமில்லாமல் ஏறியிருந்தது. வெளியே பட்டை அழகாக இருக்க, உள்ளே விரலை விட்டால் மண். தாழ்ந்த கூரையில் தண்ணீர் ஓடவில்லை, நின்றது. இரண்டாம் மழைக்காலத்தில் கீற்று கறுத்து, எருக்குழி வாடை அடித்தது. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டினோம். 2020 நவம்பர் 25 ராத்திரி நிவர் புயல் மரக்காணத்துக்குப் பக்கத்தில் கரையேறியபோது மிச்சத்தையும் தூக்கிக் குட்டைக்குள் போட்டது. அந்த அம்மா அனுப்பிய படத்தில் என் தொப்பிக் கூரை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு நிம்மதி.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் பிறந்ததே கூரை வீட்டில். ஆயா வீடு. செஞ்சிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் மண் சுவர், பனை ஓலைக் கூரை, முன்னால் திண்ணை, பின்னால் தாழ்வாரத்தில் அடுப்பு. 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தபோது அதைப் பிரித்துவிட்டு ஆயா கான்கிரீட் வீடு கட்டிக்கொண்டது. "வெயில்ல கொதிக்குதுன்னு சொல்றியே ஆயா, பழைய வீடே தேவலையா?" என்று ஒருமுறை கேட்டேன். "மூணு வருஷத்துக்கு ஒருக்கா ஓலைக்கு அலைஞ்சவளுக்குத்தான் தெரியும். நீ போய் இரு கூரை வீட்ல" என்றது. இப்போது கலைஞர் கனவு இல்லம் என்று அடுத்த திட்டம் ஓடுகிறது. 2030-க்குள் குடிசையே இல்லாத தமிழ்நாடு என்பது அதன் இலக்கு. ஆயா போன்றவர்கள் குடிசையை விட்டு வெளியேற அரசு பணம் தருகிறது. தோப்பு வாங்கியவர்கள் குடிசைக்குள் போக எனக்குப் பணம் தருகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு நான் வரைகிறேன். கூச்சமாகத்தான் இருக்கும், சில நாள்.

நிவர் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்தத் தம்பதி மறுபடி கூப்பிட்டார்கள். திட்டுவதற்கு என்று நினைத்துப் போனேன். "இன்னொரு தடவை கட்டலாம். இந்தத் தடவை தெரிஞ்சவங்களைக் கூட வச்சுக்கோங்க" என்றார் அந்த சார். பக்கத்து ஊரில் கூரை வேய்கிற பெரியவர் ஒருவரைத் தோட்டக்காரர் கூட்டி வந்தார். எழுபதைத் தாண்டியவர். வெற்றிலையை மென்றபடி இடத்தைச் சுற்றிவந்தார், என் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"அடுப்பு எங்க தம்பி வரும்?"

"அடுப்பு இல்ல பெரியப்பா. சும்மா உட்கார்றதுக்கு."

"ராத்திரி யாரு படுப்பாங்க?"

"யாரும் இல்ல."

"அப்ப கூரைக்குப் புகை?"

இந்தக் கேள்விக்கு என் படிப்பில் பதில் இல்லை. பெரியவர் விளக்கம் சொல்லவில்லை, ஆனால் ஆயா வீட்டை நினைத்ததும் விளங்கிவிட்டது. காலையும் மாலையும் அடுப்புப் புகை கூரைக்குள் ஏறி, ஓலை ஓலையாகப் புகுந்து, முகட்டு வழியாகக் கசிந்து வெளியேறும். தூரத்திலிருந்து பார்த்தால் வீடே மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். அந்தப் புகையின் சூடு ஓலையின் ஈரத்தை இழுத்தது, அதன் கரி கூரையைத் தாங்குகிற கைமரத்தைக் கறுப்பாக்கிப் பூச்சி வராமல் காத்தது. சுவரில் கறையான் கோடு தெரிந்தால் ஆயா அன்றைக்கே துடைப்பத்தால் தட்டிவிடும். வெள்ளிக்கிழமை தவறாமல் சாணம் மெழுகும். எங்கேயாவது ஓலை விலகினால், படுத்திருக்கும்போது வெளிச்சம் கண்ணில் குத்தும், மறுநாள் மாமா ஏறிச் சொருகுவார். ஓலையும் மண்ணும் மட்டும் அந்த வீட்டைத் தாங்கவில்லை. உள்ளே இருந்தவர்களுடைய அன்றாடமும் சேர்ந்து தாங்கியது. நான் ஓலையையும் மண்ணையும் மட்டும் காப்பியடித்தேன். யாரும் இல்லாத குடிசைக்கு அந்த அன்றாடத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

பிறகு படிக்க ஆரம்பித்தபோது, இந்தச் சிக்கல் எனக்கு முன்னாலேயே பெரிய பெரிய ஆட்களுக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபுக்களுக்கு இது ஒரு பித்து. மாளிகைத் தோட்டத்தின் ஒரு மூலையில், கோணல் மாணல் மரவேர்களையும் பட்டை உரிக்காத கட்டைகளையும் அடுக்கி, இடுக்கில் பாசியைத் திணித்து, மேலே வைக்கோல் வேய்ந்து முனிவர் குடில் கட்டுவார்கள். குளோஸ்டர்ஷயரில் பேட்மிண்டன் மாளிகைத் தோட்டத்தில் அப்படி ஒன்று இன்றும் நிற்கிறது. அதை வடிவமைத்ததாகக் கருதப்படுகிற தாமஸ் ரைட் ஒரு வானியலாளர். பால்வீதி ஏன் பட்டையாகத் தெரிகிறது என்று 1750-இல் புத்தகம் போட்டவர். ஒரு கையில் பால்வீதி, ஒரு கையில் வேர்க் கட்டை. எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

குடில் கட்டியாயிற்று, உள்ளே முனிவர் வேண்டாமா? சர்ரேயில் பெயின்ஸ்ஹில் தோட்டத்தை உருவாக்கிய சார்லஸ் ஹாமில்டன் சம்பளத்துக்கு ஒரு முனிவரைத் தேடினார் என்று ஒரு கதை சொல்வார்கள். 7 வருடம் குடிலிலேயே இருக்க வேண்டும், முடியும் நகமும் வெட்டக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது, முடித்தால் 700 பவுண்டு. வந்த ஆள் மூன்று வாரம்தான் தாக்குப்பிடித்தானாம். நடந்ததோ இல்லையோ, கதைக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. ஆள் இல்லாத குடில் பொம்மை என்று அந்தச் சீமான்களுக்கே உறைத்திருக்கிறது.

பிரான்சில் மரி அந்துவானெத் அரசிக்காக வெர்சாயில் ஒரு கிராமத்தையே கட்டினார்கள். 1783-இல் தொடங்கிய வேலை. ரிஷார் மிக் என்பவர் கட்டடக் கலைஞர். புதுச் சுவரில் விரிசல் விழுந்த மாதிரி வண்ணம் தீட்டினார்கள், நல்ல மரத்தைப் பழசாகிப்போன மாதிரி காட்டினார்கள். வெளியே குடிசை, உள்ளே அரண்மனைச் சாமான். ஆனால் பண்ணை மட்டும் நிஜம். ஒரு விவசாயியைக் குடும்பத்தோடு கொண்டுவந்து வைத்து, மாடு வளர்த்துப் பால் கறந்தார்கள். அந்த மிக் 1794-இல் கில்லட்டினில் தலையை இழந்தார். என் வாடிக்கையாளர்கள் நல்லவர்கள், போனோடு விட்டுவிட்டார்கள்.

சரி, நம் தோப்புக்கு வருவோம்.

அடுப்பு வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஓலைக்குக் கீழே தீ என்றால் என் தலைமுறைக்கு ஒரு தேதி நினைவுக்கு வரும். 2004 ஜூலை 16, கும்பகோணம். மதிய உணவுச் சமையல் நடந்த கூரையிலிருந்து பரவிய தீயில் 94 குழந்தைகள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களிலிருந்து கீற்றுக் கூரைகளை அகற்றினார்கள். கூரை வீட்டில் வளர்ந்ததைப் பற்றிக் கவிதையாகப் பேச ஆரம்பிக்கிறவர்களை நான் இந்தத் தேதியைச் சொல்லி நிறுத்துவேன். கூரையைக் காப்பதும் புகைதான், கூரையை எரிப்பதும் அதே அடுப்புதான். ஆகவே எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. குடிலுக்குக் கதவு கிடையாது, சுவர் இடுப்புக்கு மேல் எழும்பாது, எந்தப் பக்கமும் ஓடி வெளியேறலாம். ஓலைக்குள் மின்கம்பி ஓடாது. வீட்டுச் சுவரிலிருந்து 30 அடி தள்ளித்தான். பிறந்தநாள் விருந்துக்கு அறுபது பேர் உட்கார ஓலைக் கூடம் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். ஓடு போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

புகைக்கு வழி காட்டியது தோட்டக்காரர் வீட்டு மாடுகள். தோப்பின் கிழக்கு ஓரத்தில் ஒரு தொழுவம், மூன்று மாடு. சாயந்திரம் கொசுவுக்காகத் தினமும் மூட்டம் போடுவார். பழைய இரும்புச் சட்டியில் வறட்டி, உமி, மேலே பச்சை வேப்பிலை. ஒரு மணி நேரம் கனமான புகை. எங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், இருட்டின பிறகும் நிற்காது. அப்படியென்றால் தொழுவத்துக்கு மேற்கே, சரியான தூரத்தில் குடிலை வைத்தால்? நான்கு நாள் சாயந்திரம் போய்ப் புகை எந்தப் பக்கம் படுக்கிறது, எவ்வளவு தூரத்தில் கலைகிறது என்று பார்த்தேன். தொழுவத்திலிருந்து ஐம்பது அடியில் முளைக்குச்சி அடித்தேன். தீப்பொறி வராத தூரம், புகை வருகிற தூரம்.

"குட்டையப் பார்த்து உட்காரலாம்னு கேட்டா, மாட்டப் பார்த்து உட்காரச் சொல்றீங்களே?" என்றார் அந்த அம்மா. குட்டையும் தெரியும், கொஞ்சம் கழுத்தைத் திருப்ப வேண்டும் என்றேன். வேறு எந்த வடிவமைப்பு முடிவுக்கும் நான் இவ்வளவு வாதாடியதில்லை.

அடுத்து மரம். நிவர் சாய்த்த வேம்பு இரண்டு தோப்பிலேயே கிடந்தது. அதில் கவை கவையாக எட்டுக் கால் தேறியது. கவைக்கால் என்றால் நுனியில் இயல்பாகவே இரண்டாகப் பிரிந்த மரம். அந்தப் பிளவில் உத்திரத்தைத் தூக்கி வைத்தால் போதும், ஆணியும் வேண்டாம், நான் முன்பு செய்த கொடித் தாங்கியும் வேண்டாம். அலங்காரம் என்று எதைத் தேடி அலைந்தேனோ அது கவையிலேயே இருந்தது. எட்டுக் கவையும் எட்டு விதம். ஒன்று கோயில் திரிசூலம் மாதிரி, ஒன்று உண்டிவில் மாதிரி.

பட்டையை உரிப்பதா, விடுவதா என்று பெரிய சண்டை. அந்த அம்மாவுக்குப் பட்டைதான் அழகு. முதல் குடிலில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள சாறுதான் பூச்சிக்கு விருந்து, அதை மூடி வைத்தால் கறையானுக்கு நாமே சுரங்கப்பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. உரித்தே தீர வேண்டும் என்றேன். உரித்த வேம்பில் வரிவரியாகச் செம்பழுப்பு ரேகை வெளிப்பட்டதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதன் மேல் பண்ருட்டியிலிருந்து வாங்கி வந்த முந்திரிக்கொட்டை எண்ணெயை இரண்டு கை பூசினோம். கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கிற கறுப்பு எண்ணெய் அது. படகுக்கும் மரச் சாமானுக்கும் பூசுவார்கள். தோலில் பட்டால் கொப்பளிக்கும். கையுறை இல்லாமல் தொட்ட என் மணிக்கட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது.

மரக்காலை மண்ணில் புதைக்கவில்லை. தரைக்கு மேல் ஒன்றரை அடி, தரைக்குக் கீழ் மூன்றடி என்று கருங்கல் காலை நட்டு, அதன் தலையில் வேப்பங்காலை நிறுத்தினேன். கல்லின் மேல் ஏற வேண்டும் என்றால் கறையான் வெளியே மண்கூடு கட்டிக்கொண்டுதான் ஏற முடியும், கட்டினால் நம் கண்ணில் படும். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் கம்பி இறக்கியிருக்கிறேன். புயலில் ஓலைக் கூரை பாரத்தால் விழுவதைவிடக் காற்று தூக்கித்தான் அதிகம் போகிறது, அதைப் பிடித்துவைக்க ஏதாவது வேண்டும். இரும்பு கண்ணில் படக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? படவில்லை. கறையான் தொடாத மரம்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களை நான் திருவக்கரைக்குப் போகச் சொல்வேன். அங்கே கல்மரப் பூங்காவில் சுமார் 2 கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வேறு எங்கேயும் கிடைக்காது.

கூரைச் சட்டத்துக்குப் பனங்கை. பெரியவர் இதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. முற்றிய பனையின் வெளி வளையம்தான் வைரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளே மெத்தென்று வெறும் சோறு. மரத்தைப் பிளந்து சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு வெளிக் கறுப்பை மட்டும் கைமரமாக எடுப்பார்கள். "புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப" என்று தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. உள்ளே வைரம் உள்ளது மரம், வெளியே வைரம் உள்ளது புல். பனையும் மூங்கிலும் அந்தக் கணக்கில் புல். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட வரி, பட்டறையில் நின்றபோதுதான் உதவியது. வேம்பைச் செதுக்கினால் வெளியைக் கழிக்கலாம், வலு உள்ளே இருக்கிறது. பனையிலும் மூங்கிலிலும் மேல் தோலைச் சீவினால் வலுவையே சீவிவிட்டோம். முதல் குடிலில் மூங்கிலை வழவழப்பாக்குகிறேன் என்று இழைப்புளி போட்டேன், அந்தக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வேடிக்கை. 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் பனை வகைகளையும் மூங்கிலையும் மரம் என்ற சொல்லுக்குள் அடைத்திருந்தது. 2017-இல்தான் திருத்தி மூங்கிலை விடுவித்தார்கள். தொல்காப்பியருக்குப் பாதி வெற்றி. பனை இன்னும் சட்டப்படி மரம்தான். நம் மாநில மரமும் அதுதான். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் சொன்னார்கள், அது நல்லதுதான். ஆகவே புதுப் பனங்கைக்கு நான் போவதில்லை. பழைய வீடு பிரித்த மரம் விற்கிற கடைகளில் தேடுவேன். முதலில் ஆயாவிடம்தான் கேட்டேன், நம் வீட்டுப் பனங்கை எல்லாம் கொல்லையில் அடுக்கி வைத்திருந்தாயே, எங்கே என்று.

"அதுவா? உன் தங்கச்சி கல்யாணத்துக்கு வெறகு பத்தலைன்னு எடுத்துப் போட்டேன். நல்லா நின்னு எரிஞ்சுது" என்றது.

கடைசியில் திண்டிவனத்துக் கடை ஒன்றில் பதினாறு கைமரம் கிடைத்தது. ஏதோ ஒரு சமையலறையின் மேலே நாற்பது ஐம்பது வருடம் இருந்தவை. ஒரு முனை வெளுப்பு, ஒரு முனை அட்டைக் கறுப்பு. கறுத்த முனைகளெல்லாம் உச்சியில் சேருகிற மாதிரி வைத்தேன். உள்ளே உட்கார்ந்து மேலே பார்த்தால் பழுப்பிலிருந்து கறுப்புக்கு வட்டமாக மங்கிக்கொண்டே போகும். நான் இதுவரை செய்ததிலேயே அழகான விஷயம் இது. ஆனால் அழகுக்கு வண்ணம் தீட்டியது யாரோ ஒரு அம்மாவின் அடுப்பு.

கூரைச் சரிவில் பெரியவரும் நானும் ஒரே கட்சி. நாலடி உள்ளே போனால் நாலடி மேலே போக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஓலைக்கூரை தண்ணீரைத் தடுப்பதில்லை, கீழே உள்ள ஓலைக்குக் கை மாற்றிவிடுகிறது. சரிவு குறைந்தால் கை மாற்றுகிற வேகம் குறைந்து தண்ணீர் உள்ளே குடியேறும். இறவாணத்தில், அதாவது கூரையின் தாழ்ந்த ஓரத்தில்தான் சார் குறுக்கிட்டார். குடிலின் விட்டம் 12 அடி. அதற்கு மேல் கூரை சுற்றிலும் மூன்றடி வெளியே தள்ளி, தரையிலிருந்து ஐந்தடியில் முடிகிறது. "குனிஞ்சு போகணுமா? எட்டடி வச்சா என்ன?" எட்டடி வைத்தால் சாரல் காலை நனைக்கும், காற்று உள்ளே புகுந்து தூக்கும். அதைவிட முக்கியமாக, உட்கார்ந்து பார்க்கிற இடத்துக்கு நிற்கிறவனின் கண் உயரத்தில் அளவு வைப்பது தப்பு. ஒன்றரை அடித் திண்ணையில் உட்கார்ந்தால் கண் நாலடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். இறவாணத்துக்குக் கீழே வெளிச்சத்தில் புல், மாட்டின் கால்கள், குட்டையின் ஓரம் மட்டும் தெரியும், கண்ணைக் கூச வைக்கிற வானம் மறைந்துவிடும். மூங்கில் கழியைக் குறுக்கே கட்டி, நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, குனிஞ்சுக்கிறேன்" என்றார்.

வேய்ந்தது மூன்று நாள். ஏழெட்டு நூறு ஓலை. கைமரத்துக்குக் குறுக்கே ஓலையைத் தாங்குகிற வரிச்சுக்குக் கல் மூங்கிலைப் பிளந்து வைத்தோம். மூன்று வருடம் முற்றியதைப் பார்த்து வாங்கி, குட்டைத் தண்ணீரில் ஒரு மாதம் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்தது. ஊறும்போது அந்த நாற்றம் இருக்கிறதே, தோப்புப் பக்கமே யாரும் வரவில்லை. ஆனால் மாவுச்சத்து தண்ணீரோடு போய்விட்டால் வண்டுக்கு அங்கே வேலை இல்லை. பெரியவர் தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்றார். நான் மறுக்கவில்லை. அவசரப்படாமல் காத்திருக்க அது ஒரு சாக்கு, துளிர் விடுகிற மழைக்காலத்தில் வெட்டாமல் இருந்தால் எனக்குப் போதும்.

ஆணியே இல்லை. மூங்கிலில் ஆணி அடித்தால் கணு வரைக்கும் கீறல் ஓடிவிடும். எல்லாம் பனை நார்க் கட்டு. நாரை ஊறவைத்து ஈரத்தோடு இழுத்துக் கட்ட வேண்டும். காயக் காயத் தானே இறுகும். பெரியவர் ஒவ்வொரு கட்டையும் முடித்தபிறகு விரலால் சுண்டுவார். சத்தம் சரியாக இல்லையென்றால் அவிழ்த்துவிடுவார். ஒரே கட்டை மூன்று தடவை அவிழ்த்தார் ஒருநாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது பிடிக்காமல் இருக்கலாம்.

வட்டக் கூரைக்கு உச்சிதான் தொல்லை. எல்லா ஓலையும் ஒரு புள்ளியில் கூட, அங்கே எப்படிக் கட்டினாலும் ஓட்டை. செப்புக் கலசம் மாதிரி ஏதாவது வைக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெரியவர் தோட்டக்காரர் வீட்டிலிருந்து வாய் உடைந்த மண்பானை ஒன்றை வாங்கிக் கவிழ்த்துவிட்டு இறங்கினார். தூரத்திலிருந்து பார்க்க, யாரோ முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

தரைக்குச் சாணம் மெழுகலாம் என்று அந்த அம்மா ஆசைப்பட்டார். வாரா வாரம் யார் மெழுகுவது என்று கேட்டேன். பதில் இல்லை. கடப்பாக்கல் போட்டோம். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

2021 மார்ச்சில் முடிந்தது. இந்தத் தடவை படம் போட்டேன், அவ்வளவாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பார்த்தால் சாதாரணக் குடிசை மாதிரிதானே இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை. தோப்புக்கு நாலு நாள் கழித்துத்தான் போக முடிந்தது. பாதி மாமரம் சாய்ந்திருந்தது. குடில் நின்றது. பானை உடைந்து, வடகிழக்குப் பக்கம் ஒரு ஆள் உயரத்துக்கு ஓலை கலைந்து சிலிர்த்திருந்தது. நாலாவது வருடம் முடியப் போகிறது, எப்படியும் முழுதாக மாற்ற வேண்டியதுதான் என்று பெரியவரைக் கூட்டி வந்தேன். அந்த அம்மா பணத்தையே எடுத்து வைத்துவிட்டார், கூடவே ஒரு புகாரும். "தம்பி, இங்க ஒரு மணி நேரம் உட்கார்ந்தா புடவையெல்லாம் மூட்ட வாடை. சென்னைக்குப் போயும் போக மாட்டேங்குது. தொழுவத்தை அந்தப் பக்கம் மாத்திடலாமா?"

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் கலைந்த இடத்தில் கையை விட்டு, அடி ஓலை ஒன்றை உருவி எடுத்தார். மடக்கிப் பார்த்தார், ஒடியவில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இந்தப் பக்கம் மட்டும் ஒரு அம்பது ஓலை சொருகினாப் போதும். மத்தது இன்னும் ரெண்டு மழை தாங்கும்" என்றார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, "வேற பானை இருந்தா குடும்மா, ஓட்டையா இருந்தாலும் பரவாயில்ல" என்றார்.